விபத்து எண்ணிக்கையும் நிகழ்தகவும்: வல்லக்கோட்டைச் சாலையை முன்வைத்து

முன்னுரை

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. எந்த இடத்தை முதலில் சீரமைப்பது என்பதே திட்டமிடுவோர் முன்னுள்ள வினா. ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோயில் மாநில நெடுஞ்சாலையில் ஒரகடத்தை அடுத்துள்ள வல்லக்கோட்டை, இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். தொழிற்சாலைச் சரக்குந்துகளும், பணிமுறை மாறும் வேளைப் பேருந்துகளும், கிருத்திகை நாளில் முருகன் கோயிலுக்கு வரும் அடியார்களும் ஒரே சாலையைப் பகிர்கின்றனர்.

கரும்புள்ளி வரையறையின் எல்லை

உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள் மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த, ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள பகுதியைத் தேசிய நெடுஞ்சாலைகளில் கரும்புள்ளி எனக் கொள்வர். மூன்று ஆண்டுகளில் 10 உயிரிழப்புகள் நேர்ந்த பகுதியும் அவ்வாறே கருதப்படும். முதல் அளவுகோலை மாநிலச் சாலைக்கும் பொருத்துவதாகக் கருதுக. மூன்றாண்டுச் சராசரி 3 விபத்துகளாக உள்ள பகுதி, பாய்சான் பரவலின்படி, தற்செயலாகவே 5 அல்லது அதற்கு மேற்பட்ட விபத்துகளைக் காண 18 விழுக்காடு வாய்ப்புண்டு. உண்மைச் சராசரி 5ஆக உள்ள பகுதியோ, 44 விழுக்காடு வாய்ப்புடன் அவ்வரையறையிலிருந்து தப்பிவிடும். எண்ணிக்கை ஒன்றை மட்டும் நம்பினால் இடர் குறைந்த இடத்தில் பணம் செலவாகும். இடர் மிக்க இடம் கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

எதிர்மறை ஈருறுப்புப் பரவல்

பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் சமம். விபத்துத் தரவுகளிலோ பரவற்படியே பெரும்பாலும் மிகுதி. ஏனெனில் எல்லா இடங்களும் ஒரே இடர் உடையன அல்ல. இவ்வேறுபாட்டை மேஜர் கிரீன்வுட்டும் உட்னி யூலும் 1920இல் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களின் விபத்துப் பதிவுகளைக் கொண்டு விளக்கினர். ஒவ்வொருவருக்குமான சராசரி காமா பரவலில் அமைவதாகக் கொண்டால், எதிர்மறை ஈருறுப்புப் பரவல் கிடைக்கும். தொழிற்சாலைத் தரவில் விளக்கம் பெற்ற இக்கருவி, இன்று தொழிற்பகுதிச் சாலைகளுக்கும் பொருந்துகிறது. வாகன அளவு, சந்திப்புகளின் எண்ணிக்கை, நடைபாதையின் இருப்பு ஆகியன இதில் விளக்க மாறிகளாகும்.

சராசரியை நோக்கித் திரும்பல்

ஓராண்டில் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்ட பகுதியில் அடுத்த ஆண்டு எண்ணிக்கை தானாகவே குறைய வாய்ப்புண்டு. இடையில் வேகத்தடை அமைத்திருந்தால் முழுப் பயனும் அதையே சாரும் எனும் மயக்கம் எழும். அனுபவவழிப் பேயீஸ் முறை, ஓர் இடத்தில் நிகழ்ந்த எண்ணிக்கையை, ஒத்த இடங்களுக்கு மாதிரி கணிக்கும் மதிப்புடன் தக்க எடையிட்டு இணைத்து இம்மயக்கத்தைக் களைகிறது.

முடிவுரை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கத்தில் பங்காற்றிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், விபத்திடத்தைப் புவியிட ஆயங்களுடன் பதிவு செய்ய வழிவகுக்கிறது. அப்பதிவோடு பணிமுறை நேரம், விழா நாள், பாதசாரிகளின் எண்ணிக்கை ஆகியன சேர்ந்தால், வல்லக்கோட்டை போன்ற இடங்களின் இடரை விபத்துகள் குவியும் முன்னரே மதிப்பிட இயலும். உயிரிழப்புகள் வரையறையை எட்டும்வரை காத்திராமல் இருப்பதே மாதிரியின் பயன்.