நடு ஹாலில் 'டம்' சத்தம் மாயம்! கடைக்காரர் நிரபராதி, சுவர்தான் குற்றவாளி

செங்கல்பட்டு,-
ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி வாங்கிய சப்-ஊஃபர் பெட்டி. ஹாலின் நடுவில் சோபாவில் உட்கார்ந்தால் பாஸ் சத்தம் இல்லை! எழுந்து பின்சுவர் ஓரம் போனால் 'டம் டம்' என்று நெஞ்சில் இடிக்கிறது.

செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, மாமல்லபுரம் பகுதி வீடுகளில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி.

"டூப்ளிகேட்டை தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். சிலர் இன்னும் பெரிய பெட்டியாக வாங்கி, மறுபடி கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

துப்பு துலக்கினால் கடைக்காரர் மேல் தப்பு இல்லை.

சுவரில் மோதி...

38 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியின் ஒரு அலை சுமார் 30 அடி நீளம். 15 அடி ஹாலில் அதில் பாதிதான் அடங்கும். அது எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு கலக்கிறது. சுவர் ஓரங்களில் சத்தம் கூடுகிறது. சரியாக நடு ஹாலில் ஒன்றை ஒன்று விழுங்கிவிடுகிறது. நம்ம ஊர் செங்கல், கான்கிரீட் சுவர் பாஸை அப்படியே திருப்பி அடிக்கும்.

பெட்டியைப் பெரிதாக்கினால் பின்சுவர் இடிதான் பெரிதாகும். நடுப்பள்ளம் அப்படியே இருக்கும்.

இரண்டு வைத்தால்?

ஒரு பெட்டி முன்சுவர் நடுவில், அதே ரகப் பெட்டி இன்னொன்று பின்சுவர் நடுவில். ஊஞ்சலை இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒரே நேரத்தில் தள்ளினால் ஆடுமா? அதே கதைதான். சுவர்களுக்கு நடுவே ஆடிய அந்த 38 ஹெர்ட்ஸ் அலை அடங்கிவிடுகிறது. சோபாவில் இருப்பவருக்கும் பின்னால் பாயில் படுத்திருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே பாஸ்!

அமெரிக்காவின் ஹர்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி என்பவர் 2002-ல் இதை ஆராய்ந்து சொன்னார். நாலு சுவருக்கும் நடுவில் நாலு பெட்டி வைத்தால் பிரமாதம். எதிரெதிர் சுவர்களில் இரண்டு வைத்தாலே அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். நாலுக்கு மேல் வாங்குவது வீண்.

திருவிழாவில் மைக் செட்காரர் பெட்டிகளை ஒரே இடத்தில் அடுக்குகிறாரே என்று கேட்கலாம். அது திறந்தவெளி, மோதித் திரும்பச் சுவர் இல்லை. அதைப் பார்த்து வீட்டிலும் இரண்டையும் ஒரே மூலையில் அடுக்கினால் சத்தம்தான் ஏறும், பள்ளம் மூடாது.

செலவில்லாத சோதனை

இரண்டாவது பெட்டிக்குக் கடன் வாங்கும் முன்பு இதைச் செய்து பார்க்கலாம். இருக்கிற பெட்டியை சோபா மேல் தூக்கி வைத்து, பாஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, சுவர் ஓரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் பாஸ் சீராகக் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுதான் இடம். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பக்கத்து வீட்டு சாட்சி

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. வீட்டு செட் சத்தம் காம்பவுண்டு எல்லையில் இதற்கு மேல் 5 டெசிபல் தாண்டக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அளவு முறையில் கீழ் பாஸ் மிகக் குறைவாகவே பதிவாகும். மீட்டர் 'குற்றமில்லை' என்று விட்டுவிடும். பக்கத்து வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் மட்டும் கடகடவென்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.