வெள்ளெழுத்துக் கேமராவும் கலங்கல் கடலும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை ஒட்டிய கடலில், கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், செதுக்கிய கற்களும் சுவர்போல் நீளும் கல்வரிசைகளும் படிகளும் கிடப்பதை, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் சயின்டிஃபிக் எக்ஸ்ப்ளோரேஷன் சொசைட்டியும் 2002 ஏப்ரலில் சேர்ந்து நடத்திய முக்குளிப்பு ஆய்வு பதிவு செய்தது. ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் இந்தியத் தொல்லியல் துறையின் நீரடித் தொல்லியல் பிரிவும் கடற்படையின் துணையோடு அங்கே இறங்கியது. ஆய்வுக்கு இடையூறாக இருந்தது ஆழமன்று. 8 மீட்டர் என்பது மூன்று மாடி வீட்டின் உயரத்தைத் தாண்டாது. உடைந்து புரளும் அலைகளும், பார்வையை மறைக்கும் கலங்கலும், கற்களைப் போர்த்தி வளர்ந்திருந்த கடலுயிர்களுமே கற்களின் அமைப்பை முழுமையாக அளந்து வரையவிடாமல் செய்தன.

மூழ்கிப்போன ஆறு கோயில்கள் என்னும் பழங்கதை இத்தகைய ஆய்வுகளின்போதெல்லாம் செய்திகளில் தலைகாட்டினாலும், நீருக்குள் கேமராவோடு இறங்குபவர் முன் நிற்கும் கேள்வி அதைவிடச் சிறியது: இந்தக் கல்லின் விளிம்பை நேராக்கியது உளியா, அலையா? அதற்கான விடை ஒரு சாண் தூரத்துக்குள்தான் தென்படும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாலாறு கடலில் கலக்கும் இக்கரையில், வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் வண்டலும், அலை கிளறிவிடும் மணலும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளும் சேர்ந்து நீரைப் பச்சையாகக் கலக்கிவைக்கின்றன. மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒளியைச் சிதறடிப்பதால், பொருளுக்கும் கேமராவுக்கும் இடையிலுள்ள நீர் கூடக்கூடப் படத்தின் துலக்கம் பெருக்கல் கணக்கில் குறைகிறது. 2 மீட்டர் தொலைவில் கால்பங்கு துலக்கமே எஞ்சும் ஒரு நீரில், 1 மீட்டரில் பாதியும், 10 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 93 விழுக்காடும் எஞ்சும். ஆகவே கலங்கல் கடலில் நெருங்கிப் படமெடுப்பது அழகுணர்ச்சி சார்ந்த விருப்பம் அன்று, வேறு வழியின்மை.

உள்ளங்கையில் அடங்கும் ஆக்‌ஷன் கேமரா இங்கேதான் கைவிடுகிறது. கோப்ரோ போன்ற கேமராக்களில் பெரும்பாலானவை நிலைக்குவியம் கொண்டவை. அதாவது, லென்ஸ் முன்னும் பின்னும் நகராமல் ஓரிடத்தில் பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள யாவும் தெளிவாக விழும்படி அமைக்கப்பட்டிருக்கும். அலைச்சறுக்கு வீரரின் முகத்தையும் அலையையும் ஒருசேரப் பிடிக்க இது போதும். கல்லின் உளித்தடத்துக்குப் போதாது. நீருக்குள் நிலைமை இன்னும் மோசம். ஒளிவிலகலால், தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது நீரிலுள்ள பொருள் தன் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதாகவே தோன்றும் என்பதால், 40 சென்டிமீட்டரில் உள்ள கல்லைக் கேமரா 30 சென்டிமீட்டரில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதற்கும் நெருங்கினால் மங்கல்தான். நாற்பது வயதைக் கடந்தவர் செய்தித்தாளைக் கைநீட்டிப் பிடித்துப் படிப்பதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். இந்தக் கேமரா வெள்ளெழுத்தோடே பிறந்தது.

மருந்தும் அதேதான்: கண்ணாடி போட வேண்டும். ஆனால் எல்லாக் கண்ணாடியும் உதவிவிடாது என்பதை ஒரு மாணவர் விடுதியின் குளியலறையிலேயே கண்டறியலாம். ஒரு வாளித் தண்ணீரின் அடியில் நாணயத்தைப் போட்டு, பூதக்கண்ணாடியை நீருக்கு மேலே பிடித்தால் எழுத்து பெரிதாகும். அதையே நீருக்குள் முழுக அமிழ்த்தினால் பெரிதாக்கும் திறன் பெரும்பாலும் போய்விடும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றினுடையது 1, நீரினுடையது 1.33. லென்ஸ் ஒளியை வளைப்பது இரு ஊடகங்களுக்கும் உள்ள வேறுபாட்டால் என்பதால், அந்த வேறுபாடு சுருங்கும் நீரில் அதன் குவியத்தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடுகிறது. நீரடிப் பயன்பாட்டுக்கான அண்மை லென்ஸ்களில் கண்ணாடிகளுக்கு இடையே காற்று அடைத்து மூடப்பட்டிருப்பது இந்த இழப்பைத் தவிர்க்கத்தான்.

10 டயாப்டர் திறன், அதாவது 10 சென்டிமீட்டர் குவியத்தூரம் கொண்ட அத்தகைய லென்ஸைக் கேமராவின் முன் மாட்டினால், நீருக்குள் தோராயமாக 10 முதல் 13 சென்டிமீட்டர் வரை, அரைச் சாண் தூரத்தில், படம் தெளிவாகும். கிடைப்பது அந்த 3 சென்டிமீட்டர் பட்டைதான். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கரைந்துபோகும். லென்ஸை நீருக்குள் வைத்து மாட்டுவதே நல்லது. வெளியே மாட்டினால், கேமராவுக்கும் அதற்கும் நடுவே சிக்கும் காற்றுக்குமிழி அரைவட்டமாகப் படத்தில் விழும், அதைச் சாய்த்து வெளியேற்றும் வரை ஒவ்வொரு காட்சியும் வீண். கடலோரப் புழுக்கத்தில் கேமராவின் நீர்புகா உறையை மூடினாலும் தொல்லையே: உள்ளே அடைபட்ட ஈரக்காற்று நீரின் குளிர்ச்சியில் பனித்துக் கண்ணாடியை மறைக்கும் என்பதால், குளிரூட்டிய அறையிலேயே உறையை மூடி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைப்பார்கள். விளக்கு கேமராவின் தலைமேல் இருந்தால் இடையிலுள்ள துகள்களெல்லாம் பனிப்பொழிவு போல மின்னும்; பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால், கல்லின் மேடுபள்ளம் தன் நிழலாலேயே எழுந்து நிற்கும்.

எல்லாம் கூடிவந்த பிறகும் அலையின் தள்ளாட்டம் விடாது. உடலை ஒரு விரற்கடை அகலம் பின்னுக்கு இழுத்தாலே கல் அந்த 3 சென்டிமீட்டர் பட்டையின் ஓரத்துக்குப் போய்விடும் நிலையில், கேமராவைக் கையில் பிடிப்பதைவிட, ஈயக்கட்டி கட்டிய சிறு முக்காலியில் வைத்து, அளவுகோலொன்றைக் கல்லின் ஓரத்தில் சாத்தி, பதிவை ஓடவிட்டு விலகி நிற்பதே நடைமுறைக்கு உகந்தது. கிளறிய மண் அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதன்பின் அளவுகோலின் மில்லிமீட்டர்க் கோடுகளுக்குப் பக்கத்தில், கல்லில் ஒட்டிய கொட்டலசு தன் ஓட்டுக்கதவைத் திறந்து, இறகு போன்ற கால்களை வீசி, பார்வையை மறைத்த அதே நுண்பாசியை அரித்துத் தின்பது திரையில் தெரியும். உளித்தடம் இருந்தால், அது அந்த ஓட்டின் அடியில் இருக்கும்.