அண்ணனூர் மழை எந்த ஏரிக்குப் போகிறது?

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கலங்கல் வழியாகக் கொரட்டூர் ஏரிக்குப் போகும். கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு. மேற்கே ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் உபரிநீர் கூவத்தில் சேர்கிறது. இவற்றுக்கு நடுவில் இருக்கும் அண்ணனூரில், ஒரு மொட்டை மாடியில் விழும் மழை எந்தப் பக்கம் ஓடுகிறது? ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி பற்றிய பாடத்தை இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

மழை ஓய்ந்ததும் பிள்ளைகள் ஆசிரியரோடு தெருவில் நடந்து, தண்ணீர் போகும் திசையை அம்புக்குறி போட்டு வரையட்டும். வடிகால் எங்கே அடைத்திருக்கிறது, எந்தக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலில் செருகப்பட்டிருக்கிறது, செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டிவிட்டுப் போகிறது என்பதெல்லாம் படத்தில் வந்துவிடும். பிள்ளைகள் கழிவுநீரைத் தொடவோ ஏரிக்குள் இறங்கவோ கூடாது. இதில் ஆசிரியர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மேட்டில் இருப்பவர் விடும் கழிவு பள்ளத்தில் இருப்பவரின் போர் தண்ணீரைக் கெடுக்கும். கொரட்டூர் ஏரிக்கு நேர்ந்தது இதுதான். வரத்துக் கால்வாய் வழியே வீட்டுக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் வந்து சேர, ஊர்மக்கள் கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கமாகத் திரண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனார்கள்.

தெளிவாகத் தெரியும் தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கழிவுநீர் கசியும் இடத்துக்குப் பக்கத்தில் போர் இருந்தால் அந்தத் தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆபத்து. பள்ளியின் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

மாசற்ற நீர் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் சொன்னது. அதே ஆண்டு எம்.சி. மேத்தா வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வழிசெய்யச் சொன்னது. ஆகவே இந்தப் பாடத்தைக் கேட்பதும் பிள்ளைகளின் உரிமை. நீர்நிலையில் கழிவை விடுவதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது.

தெருவில் கண்ட கழிவுக் கலப்பைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். அந்தப் புகாரில் பெரியவர்கள் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகள் வரைந்த படத்தை இணைக்கலாம். தேதி போட்ட புகைப்படத்தோடு ஆவடி மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதல்வரின் முகவரித் திட்டத்தின் 1100 எண்ணிலும் சொல்லலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பசுமைத் தீர்ப்பாயம். வழக்குக்கான காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால், அலுவலகப் பதிலுக்குக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அண்ணனூர்ப் பள்ளி ஆசிரியர்களே, பிள்ளைகள் அம்புக்குறி வரைவதற்கான உங்கள் தெருக்களின் படத்தாளை அதற்குள் தயார் செய்துவிடுங்கள்.