இராஜபாளையம் நாய்ப் பராமரிப்பும் சீர்ப்படுத்தும் கருவிகளும்

இராஜபாளையம் நாய், விருதுநகர் மாவட்டம் இராஜபாளையம் பகுதியைத் தாயகமாகக் கொண்ட நாட்டு வேட்டைநாய் இனமாகும். பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு ஆகியவை இதன் அடையாளங்கள். தோள் வரை ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. உயரம் வளரும். இந்திய அஞ்சல் துறை 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட நான்கு நாய் இன அஞ்சல்தலைகளுள் ஒன்றில் இந்த இனம் இடம்பெற்றது. இதே மாவட்டத்தைச் சேர்ந்த சிப்பிப்பாறை நாயும், தென்மாவட்டங்களில் வளர்க்கப்படும் கன்னி நாயும் இதைப்போலவே குட்டை முடி கொண்டவை. ஆகவே இங்குக் கூறப்படும் பராமரிப்பு முறைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

கடைகளில் விற்கப்படும் சீர்ப்படுத்தும் கருவிகள் பல, நீண்ட முடியுள்ள வெளிநாட்டு இனங்களுக்காகச் செய்யப்பட்டவை. குட்டை முடி நாட்டு நாய்க்கு நான்கைந்து எளிய கருவிகள் போதும். கருவியை விட முக்கியமானது, நாள்தோறும் நாயின் உடலைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கமாகும். உண்ணிக் காய்ச்சல், சொறி, காதுப் புண் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிய இப்பழக்கமே உதவுகிறது.

வாழ்க்கை முறை மாற்றம்

முற்காலத்தில் இந்நாய்கள் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்டன. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு வேட்டை தடைபட்டது. இன்று கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் தோட்டம், தோப்பு, வீடு ஆகியவற்றின் காவலுக்கே நாய்கள் வளர்க்கப்படுகின்றன.

இம்மாற்றம் பராமரிப்பிலும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. கரடுமுரடான தரையில் ஓடித் திரிந்த நாய்க்கு நகம் தானாகவே தேய்ந்துவிடும். சங்கிலியில் கட்டிய நாய்க்கு நகம் வளைந்து வளர்கிறது. ஒரே இடத்தில் படுப்பதால் அந்த இடத்தில் உண்ணி பெருகுகிறது. ஓட வழியில்லாத நாய்க்கு எரிச்சலும் கூடுகிறது. இரவில் காவலுக்காக அவிழ்த்துவிடுவதை உடற்பயிற்சியாகக் கொள்ள முடியாது. காலையும் மாலையும் அரை மணி நேரமாவது நடக்கவும் ஓடவும் விட வேண்டும். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் இருப்பதும், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

தேவையான கருவிகள்

ரப்பர் தூரிகை அல்லது ரப்பர் கையுறை: இதுவே முதன்மைக் கருவியாகும். மென்மையான ரப்பர் முட்கள் உதிர்ந்த முடியை எடுப்பதுடன் தோலையும் தேய்த்துவிடும். வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, முடி படியும் திசையில் ஐந்து நிமிடம் தேய்த்தால் போதும்.

நெருங்கிய பல் சீப்பு: வீட்டில் பயன்படுத்தும் பேன் சீப்பைப் போன்றது. தெள்ளுப்பூச்சியையும் சிறு உண்ணிகளையும் வாரி எடுக்க உதவும். சீப்பில் வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்கலாம். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது மண் அன்று. இரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் கழிவு.

நகவெட்டி: பெரிய நாய்க்குக் கத்தரிக்கோல் வடிவ நகவெட்டி ஏற்றது. மனிதருக்கான நகவெட்டி நாயின் உருண்ட நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும்.

கூர்முனை இடுக்கி: தோலில் ஒட்டிய உண்ணியை எடுக்க வேண்டும்.

பருத்தித் துண்டு: குளிப்பாட்டியபின் துடைக்கவும், மழையில் நனைந்த பாதங்களைத் துடைக்கவும் பயன்படும்.

கழுத்துப்பட்டை: வேட்டைநாய்களின் தலை ஒடுங்கியது என்பதால் தளர்வான பட்டை எளிதில் கழன்றுவிடும். இறுக்கமான பட்டை கழுத்தை அறுக்கும். அகலமான பட்டையை, இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்ட வேண்டும். வளரும் குட்டிக்கு வாரந்தோறும் இந்த அளவைச் சரிபார்க்க வேண்டும்.

தேவையற்ற கருவிகள்

கம்பி முள் தூரிகை, உள்முடியை வாரும் கம்பிப்பல் கருவி, முடிச்சு வெட்டும் கத்தி, முடி வெட்டும் மின்கருவி ஆகியவை இந்நாய்க்குத் தேவையில்லை. கம்பி முட்கள் மெல்லிய தோலைக் கீறிவிடும். கோடையில் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று முடியை மழிப்பதும் தவறு. இருக்கும் குட்டை முடியே வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. முடி உலர்த்தும் கருவிக்குப் பதிலாகத் துண்டும் காற்றோட்டமான நிழலும் போதும்.

நாள்தோறும் செய்ய வேண்டிய சோதனை

மாலையில் உணவு வைக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, தலையிலிருந்து வால் வரை ஒழுங்காகத் தடவிப் பார்க்க வேண்டும். காது மடல், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகியவை உண்ணிகள் விரும்பும் இடங்கள். ஈறுகள் இளஞ்சிவப்பாக உள்ளனவா, காதில் நாற்றமோ சீழோ உள்ளதா, மூக்கு நுனியில் வெடிப்பு உள்ளதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளை நிறம் இதற்கு ஒரு வசதி. கறுப்பு நாயில் கண்ணுக்குத் தப்பும் சிவப்புத் தடிப்பும் உண்ணியும் வெள்ளை நாயில் உடனே தெரியும்.

குட்டிப் பருவத்திலிருந்தே பாதம், காது, வாய் ஆகியவற்றைத் தொட்டுப் பழக்கினால், வளர்ந்தபின் நகம் வெட்டவும் ஊசி போடவும் நாய் முரண்டு பிடிக்காது.

உண்ணி

நாய் உண்ணி இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, சுவர் வெடிப்பு, கல் இடுக்கு, சாக்கு மடிப்பு போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்திட்டால் உண்ணி தீராது. படுக்கும் இடத்தைக் கூட்டி, சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தி, சுவர் வெடிப்புகளைப் பூச வேண்டும்.

உண்ணியை எடுக்கும்போது, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீயால் சுடுவது, விரலால் நசுக்குவது ஆகியவை கூடா. எடுத்த உண்ணியைச் சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும்.

எர்லிக்கியா, பேபீசியா எனும் நுண்ணுயிரிகள் உண்ணி வழியாக நாயின் இரத்தத்தில் சேர்கின்றன. காய்ச்சல், உணவு மறுப்பு, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை இவற்றின் அறிகுறிகள். சோர்வுதானே என்று சில நாள்கள் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். இரத்தச் சோதனை செய்து உரிய மருந்து கொடுத்தால் பல நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன.

குளியலும் தோல் பாதுகாப்பும்

மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, நாய்களுக்கான ஷாம்பு கொண்டு குளிப்பாட்டினால் போதும். நாயின் தோல் மனிதத் தோலை விட அமிலத்தன்மை குறைந்தது. நாம் பயன்படுத்தும் சோப்பும் ஷாம்பும் அதை வறளச் செய்யும். துணி சோப்பும் கிருமிநாசினித் திரவங்களும் தோலை அரிக்கும். ஷாம்பு எச்சம் தங்கினால் அரிப்பு உண்டாகும் என்பதால் நன்றாக அலச வேண்டும்.

முடி உதிர்ந்து தோல் தடித்தால் அது சொறியாக இருக்கலாம். கழிவு எஞ்சின் எண்ணெய் தடவுவது சிற்றூர்களில் காணப்படும் பழக்கம். நாய் அதை நக்குவதாலும், அது தோல் வழியே உறிஞ்சப்படுவதாலும் உடலில் நஞ்சு சேரும். சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணிகளில் பல வகை உண்டு. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே மருத்துவர் வகையை அறிந்து மருந்து தருவார். சில வகைச் சொறி மனிதருக்கும் தற்காலிகமாகத் தொற்றும்.

நகம் வெட்டுதல்

தரையில் நடக்கும்போது ‘டக் டக்’ என்று நகம் ஒலித்தால் வெட்டும் நேரம் வந்துவிட்டது என்று அறியலாம். வெளிர்நிற நகத்தினுள் இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக் குழாயும் நரம்பும் ஆகும். அதற்கு 2 மி.மீ. முன்பாகவே வெட்ட வேண்டும். இரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்காலின் உட்புறத்தில் உள்ள கட்டைவிரல் நகம் தரையில் படாது. அதை மறந்துவிட்டால் வளைந்து சதையில் குத்தும்.

வெயிலும் வெப்பமும்

இளஞ்சிவப்புத் தோலில் நிறமி குறைவு என்பதால் மூக்கும் காது நுனியும் வெயிலில் எளிதில் புண்ணாகும். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களிலேயே உள்ளன. மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். ஆகவே தகரக் கூரையின் கீழ் அடைக்காமல், மரநிழலில் தண்ணீர் வைத்துக் கட்ட வேண்டும். நண்பகல் நேரத்தில் தார்ச்சாலையில் நடத்திச் செல்லக் கூடாது.

பிறவிச் செவிட்டுத்தன்மை

வெள்ளை நிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் சில நாய்களுக்கு உண்டு. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாதபோது, ஒலியை உணரும் செல்கள் குட்டிப் பருவத்திலேயே அழிந்துவிடுகின்றன. குட்டி வாங்கும்போது, அது பிறந்து ஆறு வாரம் கழிந்தபின், அதன் பார்வையில் படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கலாம். தரையைத் தட்டினால் அதிர்வால் குட்டி திரும்பிவிடும் என்பதால் அது சரியான சோதனையாகாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இம்முறையில் கண்டறிவது கடினம்.

செவிட்டு நாயைக் கைச்சைகையால் நன்றாகப் பழக்க முடியும். ஆனால் உறங்கும்போது திடீரெனத் தொட்டால் அது திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லிக்கொடுப்பது அவசியம். சொன்னதைக் கேட்பதில்லை என்று அடிபடும் நாய்களில் காது கேட்காதவையும் உண்டு.

தடுப்பூசி

ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர வேண்டும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மலையடிவாரத் தோப்புகளில் இரவில் திரியும் நாய், காட்டு விலங்குகளுக்கும் நோயைப் பரப்பலாம். 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக உள்ள வனத்தின் அருகே வாழ்வோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. உரிய நேரத்தில் போடும் தடுப்பூசியால் அதைத் தடுக்க முடியும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகப் போடப்படுகிறது.

மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய நிலைகள்

• ஒரு நாளுக்கு மேல் உணவு உண்ணாமை
• ஈறு அல்லது கண்ணின் உள்ளிமை வெளுத்தல்
• மூக்கு, மலம், சிறுநீரில் இரத்தம்
• குட்டிகளுக்குத் தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கு
• வெயிலில் இருந்தபின் நிற்காத மூச்சிரைப்பு, தள்ளாட்டம்
• தலையை அடிக்கடி உதறுதல், காதைச் சொறிதல்
• விழுங்க முடியாமை, காரணமின்றிக் கடிக்க வருதல். இந்நிலையில் நாயைத் தொடாமல் தனியே அடைத்துவிட்டு மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்

காய்ச்சல் என்று பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மனித மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. அவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உள்ளூர் அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் அணுகலாம். மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லலாம். உணவு மறுத்த நாள், எடுத்த உண்ணிகளின் எண்ணிக்கை, கடைசியாகப் போட்ட தடுப்பூசியின் தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்து எடுத்துச்சென்றால் மருத்துவர் நோயைக் கணிக்கப் பெரிதும் உதவும்.