காய்கறி பயிரிடப் புதிதாக இறங்குவோர் செய்யும் தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி, நிலக்கடலை, சோளம் என்று பயிரிட்டு வந்த தோட்டங்களில் இப்போது தக்காளியும் கத்தரியும் வெண்டையும் இடம் பிடித்து வருகின்றன. கையில் அவ்வப்போது பணம் புரளும் என்பதும், இருக்கும் சிறிது நிலத்தில் குறைந்த நாளில் பலன் எடுக்கலாம் என்பதும் இதற்குக் காரணங்கள். இவை நியாயமான காரணங்களே. ஆனால் பருத்தி விளைவித்த அனுபவம் காய்கறிக்கு அப்படியே பொருந்துவதில்லை. பருத்தியை விலை வரும்வரை வீட்டில் அடுக்கி வைக்கலாம். பழுத்த தக்காளி மூன்று நாள் காத்திராது. சோளத்திற்கு ஒரு தண்ணீர் தவறினால் விளைச்சல் சிறிது குறையும். பூவெடுத்த மிளகாய்க்குத் தவறினால் பூ முழுவதும் கொட்டிவிடும்.

முதல் முயற்சியிலேயே நட்டப்பட்டு, "காய்கறி நமக்கு ஆகாது" என்று விட்டுவிடும் சிறு விவசாயிகள் பலர். அவர்களது நட்டத்தை ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் சில பொதுவான தவறுகளே திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை நாற்று நடுவதற்கு முன்பே செய்யப்படுபவை.

கிணற்றைப் பாராமல் பரப்பை முடிவு செய்தல்

தைப் பட்டத்தில் கிணற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும். அதைப் பார்த்து இரண்டு ஏக்கர் நட்டுவிடுவார்கள். காய் பறிக்கும் தருணமோ பங்குனி, சித்திரையில் வரும். அப்போது ஊற்றுக் குறைந்து, அரை ஏக்கருக்குக்கூடத் தண்ணீர் எட்டாத நிலை ஏற்படும். பயிரின் செலவு முழுவதும் செய்து முடித்த பிறகு, பலன் தரும் நேரத்தில் பயிர் காய்கிறது. ஆகவே பரப்பை நிர்ணயிக்க வேண்டியது நடும் மாதத்துத் தண்ணீர் அன்று. பறிக்கும் மாதத்துத் தண்ணீர்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் நிற்பதென்றால் அது சுமார் 4,000 லிட்டர். கோடையில் வளர்ந்த காய்கறிப் பயிர் நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கும். அதாவது ஏக்கருக்கு 16,000 முதல் 20,000 லிட்டர். வாய்க்கால் பாசனத்தில் வழியில் வீணாவதைச் சேர்த்தால் தேவை இன்னும் கூடும். இனி, உங்கள் மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்று பாருங்கள். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வைத்து, அது நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 72 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 10,000 லிட்டர் கிடைக்கிறது என்று பொருள். சென்ற கோடையில் கிணறு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இறைக்கக் கொடுத்தது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் எத்தனை ஏக்கர் நடலாம் என்பது விளங்கிவிடும். சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தால் அதே தண்ணீரில் கூடுதல் பரப்பைக் காப்பாற்றலாம்.

இன்றைய விலையை நம்பி நடுதல்

"ஏனுங்க, இப்பப் பெட்டி நல்ல விலைக்குப் போகுதுங்களே, ஒரு ரெண்டு ஏக்கரா போட்டுடலாமுங்களா?" என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இன்று நாற்றுவிட்டால் நடுவதற்கு 25 நாள். நட்டபின் முதல் பறிப்புக்கு மேலும் 60 முதல் 70 நாள். ஆக, இன்றைய விலைக்கும் உங்கள் தக்காளிக்கும் தொடர்பில்லை. தவிரவும், அதே விலையைப் பார்த்து உடுமலையிலும் கிணத்துக்கடவிலும் ஒட்டன்சத்திரத்திலும் பல நூறு பேர் அதே வாரத்தில் நாற்றுவிட்டிருப்பார்கள். எல்லாருடைய காயும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வரும்போது விலை சரிவது இயற்கையே.

விலை சரிந்தால் எந்த இடத்தில் நட்டம் தொடங்குகிறது என்பதைப் பறிப்புக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். விளங்குவதற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பெட்டிக்குப் பறிகூலி 30 ரூபாய், வண்டி வாடகை 20 ரூபாய், இறக்குகூலி 5 ரூபாய், மண்டிக் கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 60 ரூபாய்க்கு விற்றால் கமிஷன் 6 ரூபாய். செலவு மொத்தம் 61 ரூபாய். விதை, உரம், உழவு எதையும் சேர்க்காமலேயே பெட்டிக்கு ஒரு ரூபாய் கைநட்டம். உங்கள் ஊர்க் கூலியையும் வாடகையையும் இட்டு இக்கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டால், எந்த விலைக்குக் கீழே பறிப்பை நிறுத்த வேண்டும் என்பதில் குழப்பம் இராது.

இதற்குப் பரிகாரம் ஒரே நாளில் முழுப் பரப்பையும் நடாதிருத்தல். ஒரு ஏக்கரை மூன்றாகப் பிரித்து 15 முதல் 20 நாள் இடைவெளியில் நடலாம். அல்லது அரை ஏக்கரில் தக்காளியும், மீதியில் வெண்டை, சின்ன வெங்காயம், கீரை எனவும் பயிரிடலாம். ஒன்றில் விலை போனாலும் மற்றொன்று கைகொடுக்கும். புரட்டாசியிலும், பாலக்காட்டு வழியாகக் கேரளத்திற்குக் காய் அதிகம் செல்லும் ஓணம் சமயத்திலும் காய்கறிக்குத் தேவை கூடும். அதற்கேற்பப் பின்னோக்கி நாட்களை எண்ணி நாற்றுவிடுதல் நலம். தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உழவர் சந்தைகளில் அடையாள அட்டை பெற்று நேரடியாக விற்றால் இடையில் கமிஷன் இல்லை. சிறு பரப்பில் பலவகைக் காய் வைத்திருப்போருக்கே அச்சந்தை மிகவும் ஏற்றது.

விதையில் ஏமாறுதல்

வீரிய ஒட்டு ரகத்தில் நன்கு காய்த்த செடியைப் பார்த்து, அதன் பழத்திலிருந்தே அடுத்த ஆண்டுக்கு விதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டு ரகத்தின் குணம் அடுத்த தலைமுறையில் அப்படியே வராது. செடிக்குச் செடி மாறும். சொந்த விதை வேண்டுவோர் பி.கே.எம். 1 தக்காளி, கோ 2 கத்தரி போன்ற ரகங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விதை வாங்கும்போது ரசீது கேட்டுப் பெறுங்கள். பாக்கெட்டிலுள்ள குவியல் எண், காலாவதி நாள் இவற்றைப் பார்த்து, காலிப் பாக்கெட்டை அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். முளைப்பில் குறை ஏற்பட்டால் முறையிடுவதற்கு இவையே சாட்சி. சொந்த விதையானால், 100 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பார்த்த பிறகே விதைக்க வேண்டும்.

நாற்றங்காலில் நேரும் குறைகள்

நாற்றை நெருக்கமாக விட்டு, தினமும் இருவேளை தண்ணீரைக் கொட்டுவது பெருந்தவறு. இதனால் தண்டு தரையோடு அழுகி நாற்றுகள் கொத்துக் கொத்தாய்ச் சாய்ந்துவிடும். மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, வரிசைக்கு வரிசை 10 செ.மீ. விட்டு விதைத்து மணலால் மூடவேண்டும். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்தல் அவசியம். பூவாளியால் அளவாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

தக்காளியின் இலைச்சுருட்டை நோயை வெள்ளை ஈ நாற்றங்காலிலேயே பரப்பிவிடுகிறது. நாற்றங்காலை நைலான் வலையால் மூடுவது, நட்டபின் பத்துமுறை மருந்து அடிப்பதைவிட மேலானது.

அடுத்தது நாற்றின் வயது. தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 முதல் 45 நாள். உழவு தாமதமாயிற்று, மழை வரவில்லை என்று முற்றிய நாற்றை நட்டால் செடி கிளை பிரியாமல் சீக்கிரமே பூவெடுத்து ஓய்ந்துவிடும். குழித்தட்டு நாற்றை விலைக்கு வாங்குவோரும் விதைத்த நாளைக் கேட்டறிந்து வாங்க வேண்டும். தக்காளிக்கு 60 செ.மீ. பாரில் 45 செ.மீ. இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 15,000 நாற்றுகள் தேவைப்படும். மாலை நேரத்தில் நடுவது சிறந்தது.

பயிரை மாற்றியதாக எண்ணிக்கொள்ளுதல்

"சென்ற முறை தக்காளி, இம்முறை கத்தரி, அடுத்து மிளகாய், பயிர் மாற்றித்தான் வைக்கிறேன்" என்பார்கள். இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தாக்கும் வாடல் நோயும் நூற்புழுவும் மற்றொன்றையும் தாக்கும். வெண்டையும் நூற்புழுவுக்குத் தப்புவதில்லை. உண்மையான பயிர் மாற்றம் என்பது நடுவில் மக்காச்சோளம், சோளம், செண்டுமல்லி போன்றவற்றைக் கொண்டு வருவதாகும்.

பயிர் முடிந்து செடிகளைப் பிடுங்கும்போது வேரைக் கவனியுங்கள். வேர் ஆங்காங்கே தடித்து முண்டு முண்டாக இருந்தால் அது நூற்புழு. நிலக்கடலை, தட்டை வேர்களில் காணும் நன்மை தரும் முடிச்சுகள் வேரின்மேல் ஒட்டியிருக்கும்; விரலால் எளிதில் உதிர்க்கலாம். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது. அத்தகைய வேர்களை உழுது மண்ணில் புதைக்காமல் பொறுக்கி எரித்துவிட வேண்டும்.

உரமிடுவதில் தவறுகள்

மக்காத சாணத்தை வண்டி வண்டியாய்க் கொட்டுவதால் வேர்ப்புழுவும் களையும்தான் வளரும். நன்கு மக்கிய தொழு உரம் ஏக்கருக்கு 10 டன் கடைசி உழவில் இடவேண்டும். மண் பரிசோதனை செய்யாதவிடத்து, ரகத் தக்காளிக்கு ஏக்கருக்கு அடியுரமாக யூரியா 65 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 250 கிலோ, பொட்டாஷ் 33 கிலோவும், நட்ட 30ஆம் நாள் மேலுரமாக யூரியா 65 கிலோவும் இட்டு மண் அணைக்கலாம். அடியுரத்தோடு போராக்ஸ் 4 கிலோ, சிங்க் சல்பேட் 20 கிலோவும் தேவை. செடி கருகருவென்று இருக்கவேண்டும் என்பதற்காக இதற்குமேல் யூரியாவை அள்ளிப்போட்டால் இலை தழைக்கும், பூ கொட்டும், சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகும்.

நம் பகுதியில் சுண்ணாம்பு மிகுந்த மண்ணும் உப்புத் தண்ணீரும் பல இடங்களில் உண்டு. ஆகவே மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்தல் இன்றியமையாதது. வயலில் 10 முதல் 15 இடங்களில் மேற்குப்பையை நீக்கி, 15 செ.மீ. ஆழத்திற்கு 'வி' வடிவில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்த்துக் கலந்து, அரைக் கிலோ எடுத்துக் கொடுக்கவேண்டும். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களில் எடுக்கலாகாது.

நோயறியாமல் மருந்தடித்தல்

"பக்கத்துத் தோட்டத்துக்காரர் இதையேதானுங்க அடிச்சார்" என்று அதே மருந்தை வாங்கி அடிப்பது எல்லாவற்றிலும் செலவு மிகுந்த தவறு. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் பூசண மருந்து பயன்படாது. காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சேராமற்போவதே காரணம். சீராகத் தண்ணீர் கட்டினாலே புதிய காய்கள் நன்றாக வரும். வெண்டையில் நரம்பு மஞ்சளித்தாலும், தக்காளியில் இலை சுருண்டாலும் அந்தச் செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. கண்டவுடன் பிடுங்கிப் புதைத்து, வெள்ளை ஈயைக் கவர ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பதே வழி.

கத்தரியில் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அறிக. வாரந்தோறும் அக்குருத்துகளைக் கிள்ளி அழித்தால் காயில் சொத்தை வெகுவாகக் குறையும். தக்காளிக் காய்ப்புழுவுக்கு, 15 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். இதற்குச் செண்டுமல்லி நாற்று 40 நாளும் தக்காளி நாற்று 25 நாளும் வயதுடையனவாக ஒரே சமயத்தில் நடப்பட வேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பதும் தொடக்க நிலையில் நல்ல பலன் தரும்.

மருந்து தேவைப்பட்டால் ஒன்றை மட்டும், சீட்டில் கண்ட அளவில், காற்றோட்டத்திற்கு எதிராக நில்லாமல் அடிக்க வேண்டும். டப்பாவிலுள்ள முக்கோணம் சிவப்பாயின் அது கொடிய நஞ்சு. பச்சை நிறமே நஞ்சு மிகக் குறைந்தது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டுள்ளது. அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். இன்று அடித்து நாளை பறிக்கும் காய் பிறர் வீட்டுக் குழந்தைக்கும் போகிறது. நம் வீட்டு அடுப்பிலும் ஏறுகிறது.

முதலாண்டில் செய்யத்தக்கது

புதிதாய்த் தொடங்குவோர் முதலாண்டு அரை ஏக்கருக்கு மேல் போகாமல் இருப்பது நன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் விதைத்த நாள், நட்ட நாள், ஒவ்வொரு செலவு, ஒவ்வொரு பறிப்பின் எடை, விற்ற விலை இவற்றை எழுதி வாருங்கள். ஆண்டு முடிவில் எந்தப் பயிர் உங்கள் மண்ணுக்கும் கிணற்றுக்கும் வீட்டு ஆட்பலத்திற்கும் ஒத்து வந்தது என்பதை அந்த நோட்டே சொல்லும். நோயோ பூச்சியோ தென்பட்டால், தாக்கப்பட்ட செடியை வேரோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திற்கோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கோ சென்று காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிடச் செடியைக் காட்டினால் சரியான விடை கிடைக்கும். மருந்துக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.