தோல்வியைப் பாடிய துணிவு

1970களில் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், வறுமையில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்களிடையே தோன்றி, இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ராப் என்னும் கலையில், தாளத்தின் மேல் சொற்களை அடுக்கடுக்காகப் பேசிச் செல்வதே பாட்டு. இருவர் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் சொல்லால் வீழ்த்தும் மேடைப் போட்டிகளில் வளர்ந்த கலையாதலால், தற்பெருமையும் எதிரியை இகழ்தலும் அதன் சுபாவத்திலேயே ஊறியவை. அத்தகைய கலையில் கீர்த்தியின் சிகரத்தைத் தொட்ட ஒருவர், தமது வீழ்ச்சியையும் துக்கத்தையும் பிறர்மேல் கொண்ட பொறாமையையும் மறைக்காமல் எடுத்துரைத்த ஆல்பம்தான், 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த எமினெமின் 'ரெக்கவரி'.

மார்ஷல் மேதர்ஸ் என்ற இயற்பெயருடைய எமினெம், 1972இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்து, தந்தை கைவிட்டுப் போனபின் தாயுடன் இடம்விட்டு இடம் பெயர்ந்து, மோட்டார் தொழில் நலிந்துகொண்டிருந்த டெட்ராய்ட் வட்டாரத்தில் வளர்ந்தவர். வெள்ளையரான அவர் கறுப்பினத்தாரின் கலையில் புகுந்தபோது எழுந்த ஏளனத்துக்கு நடுவே, கைகொடுத்து நின்றவர் இளமைத் தோழரான டிஷான் ஹோல்ட்டன். 'ப்ரூஃப்' என்பது அவருடைய மேடைப்பெயர். 2000ஆம் ஆண்டில் எமினெமின் ஆல்பம் ஒன்று அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 17 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2003இல் '8 மைல்' படப்பாடலுக்காக ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

புகழ் ஏற ஏற உறக்கம் குறைந்தது. உறங்குவதற்கென்று உட்கொண்ட மாத்திரை பழக்கமாகி, பழக்கம் அடிமைத்தனமாக முற்றி, 2005இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தை ரத்துசெய்துவிட்டு அவர் சிகிச்சை பெற நேர்ந்தது. 2006 ஜனவரியில் அவருடைய திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்ற ப்ரூஃப், ஏப்ரல் 11 அன்று டெட்ராய்ட் கேளிக்கை விடுதி ஒன்றில் சுடப்பட்டு இறந்தார். அதே காலத்தில் அந்த மணவாழ்வும் முறிந்தது. இரண்டு துக்கங்களையும் ஒருசேரத் தாங்க மாட்டாமல், வலி நிவாரணி மாத்திரைகளில் அவர் முழுவதுமாகச் சரணடைந்தார்.

ஓபியம் வகையைச் சேர்ந்த அம்மருந்துகள் உடல்வலியோடு மனவேதனையையும் சிறிது நேரம் மழுங்கச் செய்கின்றன. ஆனால் நாளடைவில் அதே அளவு போதாமற்போய், மேலும் மேலும் உட்கொண்டாலன்றி நிம்மதி கிடையாத நிலை உண்டாகிறது. அளவு மிஞ்சினால் சுவாசமே ஒடுங்கிவிடுகிறது. 2007 டிசம்பரில் எமினெம் அளவு மீறி உட்கொண்ட மெத்தடோன் தன்மையில் இன்னும் அபாயகரமானது; அதன் சுகம் சீக்கிரம் தணிந்துவிட, மருந்தோ உடலில் நெடுநேரம் தங்கித் தேங்கிவிடுகிறது. மரணத்தின் வாயிலிலிருந்து மருத்துவர்கள் அவரை மீட்டனர். வீடு திரும்பிய சில வாரங்களிலேயே அவர் மீண்டும் வழுக்கி விழுந்தார். பிறகு 2008 ஏப்ரல் 20 அன்று எல்லாவற்றையும் விட்டொழித்தார். தாமும் போதையிலிருந்து மீண்டவரான இசைக்கலைஞர் எல்டன் ஜான் அக்காலத்தில் அவருக்கு ஆறுதலும் ஆலோசனையும் தந்து உற்ற துணையாயிருந்தார்.

உடல் தேறினாலும், சொல்லைத் தாளத்தில் பொருத்தும் வித்தையை அவர் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. 2009இல் வந்த 'ரிலாப்ஸ்' நன்கு விற்று கிராமி விருதும் பெற்றது. எனினும் கொலைகாரப் பாத்திரங்களுக்கும் வினோதமான உச்சரிப்புகளுக்கும் பின்னால் அவர் தம்மை ஒளித்துக்கொண்டிருந்தார். அதன் இரண்டாம் பாகமாகத் திட்டமிட்டதைக் கைவிட்டு, ஜஸ்ட் பிளேஸ், பாய்-ஒன்டா முதலிய புதிய இசையமைப்பாளர்களுடன் சேர்ந்து உருவாக்கியதே 'ரெக்கவரி'.

அதில் 'நாட் அஃப்ரெய்ட்' என்ற பாட்டு, விழுந்தோரையெல்லாம் தம்முடன் நடக்க அழைக்கிறது. மற்றொன்றில், முந்தைய ஆல்பங்களில் தாம் சறுக்கியதையும், புதிதாகப் புகழ்பெற்ற ராப் பாடகர்கள்மேல் அசூயை கொண்டு அவர்களைத் தாக்கிப் பாட நினைத்ததையும் ஒப்புக்கொள்கிறார்; போட்டி மேடையில் வளர்ந்தவருக்கு இதைவிடக் கடினமான வாக்குமூலம் உண்டா? 'யூ ஆர் நெவர் ஓவர்' மறைந்த ப்ரூஃபுக்குச் செலுத்திய அஞ்சலி. சில இடங்களில் குரல் கூச்சலாகிவிடுகிறது. பெண்களை இகழும் பழைய கொச்சையும் முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும் முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 7 லட்சத்து 41 ஆயிரம் பிரதிகள் விற்று, அவ்வாண்டில் அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற ஆல்பமாகவும் அது விளங்கியது. 2011இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதும் அதற்கே கிடைத்தது.

அவரைக் காப்பாற்றியது சிகிச்சையும் நல்லோர் துணையும் அன்றாடப் பிரயத்தனமுமே. பாட்டு அவற்றுக்குப் பிறகு வந்தது. ஆனால் தனியறையில் வெட்கத்தோடு தவிக்கும் ஒருவருக்கு, தம்மைப் போலவே விழுந்தவர் உலகறிய அதை உரக்கச் சொல்லக் கேட்பது, உதவி கேட்கும் துணிவைத் தரக்கூடும். 'ரெக்கவரி'யை வெறும் வெற்றிக் கதையாகக் கொள்ளாமல், நோயுற்றோர்க்கு நீட்டிய ஒரு கையாக நாம் மதிக்க வேண்டியது அதனால்தான்.