படம் சொல்லட்டும், பிறகு வாங்கலாம்

புதிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்குகிறவர் கடையில் இரண்டு செலவு செய்கிறார். முதல் செலவு கேமராவுக்கு. பல நாள் விசாரித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, விலையை ஒப்பிட்டு அதை முடிவு செய்கிறார். இரண்டாவது செலவு பில் போடும் நேரத்தில் நடக்கிறது. யூ.வி. ஃபில்டர், டிரைபாட், பை, மெமரி கார்டு, துடைக்கும் துணி என்று ஒவ்வொன்றாக மேசைமேல் வந்து சேர, எதுவும் விசாரிக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறார். இந்த இரண்டாவது செலவுக்கும் ஒரு முறை வேண்டும். துணைக்கருவிகளில் இரண்டு வகை உண்டு: கேமராவையும் எடுத்த படங்களையும் கெடாமல் காப்பவை ஒரு வகை, படத்தின் தரத்தைக் கூட்டுபவை இன்னொரு வகை. காப்பவற்றை முதல் நாளே வாங்க வேண்டும். தரத்தைக் கூட்டுபவற்றை இரண்டு மூன்று மாதம் படம் எடுத்த பிறகே வாங்க வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. அதனால்தான் எத்தனையோ வீடுகளில் டிரைபாட் பரண்மேல் கிடக்கிறது, லென்ஸுக்குள் பூஞ்சை படர்கிறது.

காப்பதிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் கேமராவின் முதல் எதிரி ஈரம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியே இருக்கிறது; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்மாவட்டங்களும் அப்படித்தான். பூஞ்சை வித்துகள் எங்கும் மிதக்கின்றன. ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அவை லென்ஸின் உட்கண்ணாடியில் வேர்விட்டுச் சிலந்தி வலைபோல் படர்கின்றன. அவை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டால் லென்ஸைப் பிரித்துத் துடைக்கலாம். பூச்சு அரிபட்டுவிட்டால் மீட்க வழியில்லை. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலுள்ள இடத்தில் வைக்கக் கூடாது என்றும், மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்துச் சில முறை இயக்க வேண்டும் என்றும் நிக்கான் கையேடுகளே சொல்கின்றன. அந்துருண்டை, கற்பூரம் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அவற்றில் உண்டு. பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பீரோவில் பத்திரமாக வைக்கிறோம் என்று நினைக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கேமரா பையும் சேமிப்பிடம் ஆகாது. அதன் உள்ளே இருக்கும் பஞ்சும் துணியும் மழை நாளின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பை வெளியே எடுத்துச் செல்ல மட்டும்தான்.

இதற்குத் தீர்வு விலை குறைவானது. ரப்பர் விளிம்போடு மூடி இறுக்கமாகப் பூட்டும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கொஞ்சம், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று. மீட்டரில் 40 முதல் 50 சதவீதம் வரை காட்டினால் போதும். ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும். அடுப்பிலோ ஓவனிலோ மிதமாகச் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு உண்டு என்பதால் ஆரஞ்சே நல்லது. அரிசிக்குள் புதைத்து வைப்பது வேண்டாம். அரிசித் தூசி லென்ஸின் வளையங்களுக்குள் புகும். லென்ஸ்கள் சேரச் சேர, மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டி வாங்கிக்கொள்ளலாம். தூசியை ஊத, கையால் அழுத்தும் ரப்பர் புளோயர் ஒன்று வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறிக்கும். சட்டை முனையால் துடைத்தால் மணல் துகள் கண்ணாடியைக் கீறும்.

எடுத்த படத்தைக் காப்பது மெமரி கார்டு. கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் உச்ச வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 என்ற சிறு குறியோ, யூ எழுத்துக்குள் 3 என்ற குறியோ இருந்தால், நொடிக்குக் குறைந்தது 30 எம்.பி. எழுதும் என்று பொருள். தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆருக்கு இது தாராளம். பின்புறம் இரண்டு வரிசை உலோகத் தொடுமுனைகள் கொண்ட விலையுயர்ந்த யூ.எச்.எஸ். 2 கார்டு இந்தக் கேமராக்களில் வீண். இரண்டாம் வரிசையை அவை தொடுவதே இல்லை. இவற்றில் கார்டுக்கு ஒரே துளைதான் உண்டு என்பதால், மிகப் பெரிய கார்டு ஒன்றைவிட நடுத்தரக் கார்டு இரண்டு நல்லது: ஒன்று பழுதானால் பயணம் முழுவதும் போகாது. போலிக் கார்டுகள் சந்தையில் ஏராளம். உள்ளே 8 ஜி.பி. மட்டும் வைத்து 128 ஜி.பி. என்று கணினியையே நம்பவைப்பவை அவை. நிரம்பத் தொடங்கியதும் படங்கள் அழியும். வாங்கிய அன்றே கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கூடுதல் பேட்டரி வேண்டுமா என்பதைக் கேமராவே தீர்மானிக்கும். ஒரே சோதனை முறையில் கேனான் 1500டி ஒரு சார்ஜில் சுமார் 500 படம் எடுக்கும், நிக்கான் டி3500 சுமார் 1550 படம் எடுக்கும். முன்னது வைத்திருப்பவருக்குக் கல்யாண வீட்டில் இரண்டாவது பேட்டரி தேவைப்படும், பின்னது வைத்திருப்பவருக்கு அநேகமாகத் தேவைப்படாது. பின்திரையைப் பார்த்தே எடுக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கு வெகுவாகக் குறையும்.

காக்கும் பொருள் என்ற பெயரில் விற்கப்படும் யூ.வி. ஃபில்டரை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஃபிலிமுக்குப் புற ஊதாக் கதிர் உறைக்கும். மலைக்காட்சிகளில் நீலப் புகைபோல் விழும். டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே அந்தக் கதிரைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. எனவே ஃபில்டர் வெறும் காவல் கண்ணாடியாகவே மிஞ்சுகிறது. காவலுக்காவது இருக்கட்டுமே என்பார்கள். பூச்சில்லாத மலிவுக் கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. குத்துவிளக்கு, தெருவிளக்கு, தேர்த்திருவிழாவின் சரவிளக்கு எல்லாம் படத்தில் இன்னொரு இடத்தில் மங்கலான நிழலுருவாகத் தோன்றுவது பல சமயம் இதனால்தான். லென்ஸின் முன்கண்ணாடியில் விழும் சிறு கீறல்கூடப் படத்தில் தெரிவது அரிது. இடிபடாமல் காக்க லென்ஸ் ஹூட் போதும்; அது பக்க ஒளியையும் தடுத்துப் படத்தைத் தெளிவாக்குகிறது. கடற்கரை மணலும் உப்புத் தெறிப்பும் உள்ள இடங்களில் மட்டும் நல்ல பூச்சுள்ள ஃபில்டரை மாட்டிக்கொள்வது நியாயம்.

அடுத்தது, படத்தின் தரம் கூட்டும் கருவிகள். இவற்றில் எது வேண்டும் என்று கடைக்காரருக்கும் தெரியாது, கட்டுரை எழுதும் எனக்கும் தெரியாது. உங்கள் படங்களுக்குத் தெரியும். டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு கோப்பிலும் எக்ஸிஃப் என்ற குறிப்பு பதிவாகிறது: ஷட்டர் வேகம், லென்ஸ் திறப்பு, ஐ.எஸ்.ஓ., எத்தனை மி.மீ. குவியத்தில் எடுத்தது, ஃப்ளாஷ் எரிந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். கணினியில் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தாலே தெரியும். நோய் தெரியாமல் மருந்துக் கடைக்குப் போவதைப்போல்தான் இதைப் பார்க்காமல் துணைக்கருவி வாங்குவது. நல்ல படங்களை விட்டுவிட்டுக் கெட்டவற்றை எடுத்து வையுங்கள். சுவர், நாற்காலி, ஆள் என எல்லாமே கலங்கியிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. சுவர் தெளிவாகவும் ஓடும் குழந்தை மட்டும் கலங்கலாகவும் இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. முகம் வெளுத்து, பின்னால் கறுப்பு நிழல் விழுந்திருந்தால் நேர் ஃப்ளாஷின் வேலை. பறவை புள்ளியாகத் தெரிந்தால் லென்ஸின் எட்டும் தூரம் குறைவு. ஒவ்வொரு குறைக்கும் கருவி வேறு.

வீட்டுக்குள் படம் எடுப்பவர்களின் பெரும்பாலான கெட்ட படங்கள் ஷட்டர் வேகம் போதாத இரண்டாவது வகையில் விழும். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் 55 மி.மீட்டரில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். சாதாரண இரவு விளக்கில் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தாலும் ஷட்டர் ஒரு நொடியில் 30-இல் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும். ஓடியாடும் குழந்தையை நிறுத்திப் பிடிக்க 250-இல் ஒரு பங்காவது வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதே இடத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது; ஷட்டர் 300-இல் ஒரு பங்குக்கு ஏறிவிடும். மாற்றும் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று இத்தனை பெரிய மாற்றம் தருகிறது. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பத்து மடங்கு கூட்ட வேண்டுமென்றால் 16,000 வரும். தோலின் நிறமும் முடியின் நுணுக்கமும் மணல்போன்ற புள்ளிகளில் கரைந்துபோகும். டிரைபாட் போட்டால்? கேமரா அசையாது, குழந்தை அசையும். அதற்காக இந்த லென்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைக்கக் கூடாது. முழுத் திறப்பில் இரண்டு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே, இருவர் முன்பின்னாக நின்றால் ஒருவர் மங்குவார். சிறிய சென்சாரில் அதன் பார்வை கேனானில் 80, நிக்கானில் 75 மி.மீ. அளவுக்குக் குறுகுவதால், பத்துக்குப் பத்து அறையில் முதுகு சுவரில் இடிக்கும். உங்கள் வீட்டுப் படங்களின் குறிப்பில் 50-க்குப் பதில் 24, 35 என்ற எண்களே மீண்டும் மீண்டும் வந்தால், அந்த அளவு லென்ஸைத்தான் தேட வேண்டும்.

ஃப்ளாஷும் ஒளியைப் பற்றியதே. கேமராவின் உச்சியிலுள்ள சிறு ஃப்ளாஷின் வலிமை மிகக் குறைவு: நிக்கான் டி3500-இல் அதன் வழிகாட்டி எண் 7. ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப் 3.5 திறப்பால் அதை வகுத்தால் ஃப்ளாஷ் எட்டும் தூரம் இரண்டு மீட்டர். அதற்கு மேல் வெளிச்சம் போதாது. லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் கண்ணும் சிவக்கிறது. கேனானின் 430இஎக்ஸ் போன்ற தனி ஃப்ளாஷில் (பெயரிலுள்ள 43 அதன் வழிகாட்டி எண்) வலிமையைவிட முக்கியமானது தலை நிமிர்வதுதான். வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால் கூரையே ஒரு பெரிய விளக்காகி மென்மையான ஒளியைப் பொழியும். பச்சை, ரோஸ் சுவர்மேல் அடித்தால் முகத்திலும் அந்த நிறமே விழும். ஓட்டுக்கூரைக்கும் உயரமான மண்டபத்துக்கும் இது சரிவராது. வாங்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: கேனான் 200டி மார்க் 2-இன் ஃப்ளாஷ் மேடையில் நடு ஊசி கிடையாது. அந்த ஒற்றைத் தொடர்பை நம்பும் பிற நிறுவன மலிவு ஃப்ளாஷ்கள் அதில் எரியாது. வீட்டில் கிடக்கும் பழைய ஃபிலிம் காலத்து ஃப்ளாஷையும் எந்தக் கேமராவிலும் மாட்டாதீர்கள். சிலவற்றில் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

இப்படிக் காத்திருந்தால் கடையின் சலுகைத் தொகுப்பு கைவிட்டுப் போகுமே என்பது நியாயமான கவலை. தொகுப்பில் வரும் டிரைபாட் பெரும்பாலும் மெலிந்த கால்களும் பிளாஸ்டிக் தலையும் கொண்டது, டி.எஸ்.எல்.ஆரின் கண்ணாடி எழும் அதிர்விலேயே அது ஆடும். மலிவாகக் கிடைத்தாலும் பின்னால் இன்னொன்று வாங்க வேண்டிவரும். முதல் மாதங்களின் படங்கள் குறையுடன் போய்விடுமே என்றால், அந்தக் குறைகள்தான் பின்னால் சரியான பொருளுக்கு வழிகாட்டுகின்றன. திருமணம் போன்ற திரும்ப வராத நிகழ்வு அடுத்த வாரமே இருந்தால் ஃப்ளாஷை முன்கூட்டி வாங்குவதில் தவறில்லை. டிரைபாட் யாருக்கு? இரவுக் காட்சி, ஓடும் நீரின் இழைவு, அசையாப் பொருள் ஆகியவற்றில் மெதுவான ஷட்டரால் கெட்ட படங்கள் குவிந்தவருக்கு. தஞ்சைப் பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களில் அதற்கு முன்அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வேடந்தாங்கலில் 55 மி.மீட்டரிலேயே முட்டி நிற்கும் படங்கள் உள்ளவருக்கு 250 அல்லது 300 மி.மீ. வரை எட்டும் ஜூம் வேண்டும். ஃபில்டர்களில் மென்பொருளால் ஈடுசெய்ய முடியாதது போலரைசர். குளத்து நீரிலும் நனைந்த இலையிலும் உள்ள பளபளப்பைப் படம் எடுத்த பிறகு நீக்க முடியாது, எடுக்கும்போது மட்டுமே நீக்க முடியும்.

டி.எஸ்.எல்.ஆரே முடிந்துபோகும் காலத்தில் அதற்குச் செலவா என்ற கேள்வியும் வரும். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடலை வெளியிடவில்லை என்பது உண்மை. ஆனால் அதே காரணத்தால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் நல்ல லென்ஸ்கள் மலிந்து கிடக்கின்றன. வாங்குமுன் செல்போன் டார்ச்சைப் பின்புறம் காட்டி, உள்ளே நூலிழைகள் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1987-இல் தொடங்கிய கேனான் இஎஃப் லென்ஸ்கள், அடாப்டர் ஒன்றால் அந்நிறுவனத்தின் புதிய மிரர்லெஸ் கேமராக்களிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கின்றன. நிக்கானில் கவனம் தேவை: 1959-இலிருந்து லென்ஸ் பொருத்தும் வளையம் மாறாமல் இருந்தாலும், 3000, 5000 வரிசை டி.எஸ்.எல்.ஆர்.களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மிரர்லெஸுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரிலும் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி விலை குறைவாகக் கிடைத்தாலும், இவற்றில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸின் பெயரில் ஏ.எஃப்-எஸ் என்று இருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய கேமராவிலும் ஓடும், நாளை மிரர்லெஸுக்கு மாறினாலும் ஓடும்.